பூசைக்கு வைத்த பேட்டரி

அன்று மத்தியானம் விழிதியூர் வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, தங்கச்சி, நான். இல்லாதவர் அத்தான். பெரியம்மா மகளைக் கட்டியவர். காரைக்காலில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பட்டறை வைத்திருந்தார். எங்கள் காற்றாடி மெதுவாகச் சுற்றினாலும் கரண்டு வரும்படி டைனமோவுக்குக் காயிலை மாற்றிச் சுற்றித் தந்தவர் அவர்தான். ஆயுத பூசை என்பதால் அவர் பட்டறையிலும் பூசை. அவர் இருந்திருந்தால் நான் செய்த காரியத்தைச் செய்ய விட்டிருக்க மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். தெருவுக்கு மின்கம்பம் வந்திருந்தது, எங்கள் வீட்டுக்கு இணைப்பு வரவில்லை. எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் காற்றாடியை நானே செய்தேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் டைனமோ, மாம்பலகையில் செதுக்கிய இரண்டு இறக்கைகள், கொல்லையில் நட்ட இருபதடிச் சவுக்குமரம். ஆடிக் காற்றில் லாரி பல்பு இரண்டு எரிந்தன. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போனவன் நான். அந்த வெளிச்சத்தில் அப்பா பல்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அது கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

பூசைக்கு மண்வெட்டி, அரிவாள், அம்மாவின் அரிவாள்மணை, தங்கச்சியின் புத்தகங்கள் எல்லாம் பொட்டு வைத்து அடுக்கியாயிற்று.

"ஒன்னோடது எதுடா?" என்றாள் அம்மா.

பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதுவரை காற்றாடிக்கும் ஓய்வு என்று ஏணி போட்டு ஏறி, இறக்கையைச் சணல் கயிற்றால் மரத்தோடு கட்டினேன். பேட்டரி இல்லாமல் சுற்ற விடாதே என்று புத்தகம் சொல்லியிருந்தது. பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கிற பாரம்தான் அதன் வேகத்தைப் பிடித்துவைக்கும். பாரம் போனால் வேகத்துக்கு அளவே இல்லை. கட்டியாயிற்று, இனி எங்கே சுற்றப்போகிறது என்று நினைத்தேன்.

இலை போட்டு உட்கார்ந்தபோது கடல் பக்கமிருந்து மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. சணல் அறுந்த சத்தம் கேட்கவில்லை. காற்றாடியின் சத்தம் கேட்டது. முதலில் ஊதல் மாதிரி, பிறகு ஊளை மாதிரி. கொல்லைக்கு ஓடினேன். இறக்கை கண்ணுக்குத் தெரியவில்லை, வட்டமாக ஒரு புகைதான் தெரிந்தது. சவுக்குமரம் அடியிலிருந்து அதிர்ந்தது.

கிழக்கே கடலிலிருந்து வருகிற காற்றுக்கு முகம் கொடுத்துச் சுற்றுகிறது. இறக்கை பிய்த்துக்கொண்டால் வடக்கே போகும், இல்லை தெற்கே போகும். தெற்கே வயல். வடக்கே வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டுக் கீற்றுக் கூரை. உள்ளே அத்தை மகள், பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்.

"அவங்கள வெளிய கூப்புடுங்கப்பா" என்றேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. எச்சில் கையோடு வேலியைத் தாண்டினார்.

நான் உள்ளே ஓடிப் பூசையில் இருந்த பேட்டரியை எடுக்கக் குனிந்தேன்.

"மறுபூசை போடாம எடுக்கக் கூடாதுடா."

"இத மாட்டலன்னா அது அடங்காதும்மா. இறக்கை அத்தை வீட்டு மேலதான் விழும்."

அம்மா எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தள்ளி வைத்தாள். பேட்டரி மேலிருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தூக்கு" என்றாள்.

பின்புறத் தாழ்வாரத்தில் காற்றாடியிலிருந்து வந்த ஒயர் தொங்கியது. பூசைக்குப் பேட்டரியைக் கழுவும்போது கழற்றி வைத்த நட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒயர் முனைகளைக் கையாலேயே பேட்டரியில் அழுத்திப் பிடித்தேன். பொறி தெறித்தது. ஊளை ஒரு படி இறங்கியது. கையை எடுத்தால் மறுபடி ஏறும். தங்கச்சியை வேலிப் பக்கம் பார்க்கச் சொன்னேன்.

"வர்றாங்களா?"

"அத்தை சண்டை போடுதுண்ணே."

அத்தையின் குரல் மழையிலும் கேட்டது. "பச்ச ஒடம்புக்காரிய மழையில எங்கண்ணே கூப்புடுறீங்க? ஒங்க புள்ள பட்டம் விட்டா நாங்க வீட்ட விட்டு ஓடணுமா?"

"கோவத்த அப்பறம் வச்சுக்கம்மா. புள்ளையக் குடு."

சாக்கு சூடேறியது. மேலேயிருந்து வார்னிஷ் தீய்கிற நாற்றம் வந்தது. அத்தான் சுற்றிய காயில் வெந்துகொண்டிருந்தது. அது முழுக்கப் போனால் பாரமும் போய்விடும்.

"இப்ப?"

"அப்பா புள்ளைய வாங்கிட்டாரு. துண்டப் போட்டு மூடுறாரு."

"அத்தை?"

"அக்காவப் புடிச்சுக்கிட்டு வருது. திட்டிக்கிட்டேதான் வருது."

என் கையில் பொறி நின்றது. அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஊளை ஏறத் தொடங்கியது.

"வேலி தாண்டிட்டாங்களா?"

"அக்கா தாண்டிருச்சு. அத்தை முந்தானை முள்ளுல மாட்டிக்கிச்சு... வந்துருச்சுண்ணே."

அவள் சொல்லி முடித்து நாலைந்து மூச்சு விட்டிருப்பேன். மேலே பலகை முறிகிற சத்தம் கேட்டது. ஓர் இறக்கை வடக்கே போனது. மிச்சமிருந்த இறக்கை ஒரு பக்கமாக இழுக்க, சவுக்குமரமும் டைனமோவும் சாய்ந்து எங்கள் கொல்லையில் விழுந்தன.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். கூரையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தூளி கட்டியிருந்த மூங்கில் இரண்டாக முறிந்து கிடந்தது, தூளிச்சேலை தரையில், அதன் மேல் என் மாம்பலகை. அதுவரை திட்டிக்கொண்டே இருந்த அத்தை குனிந்தாள். பலகையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

கூரை வேய்கிற வரை தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். "கூரை மொதல்ல" என்றார் அப்பா. கீற்று, மூங்கில், கயிறு, இரண்டு ஆள் கூலி, ஒரு புதுத் தூளிச்சேலை எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருநூற்று எண்பத்தைந்து ரூபாய் ஆனது.