கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

குடிநோய் சிகிச்சை மையத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் காங்கேயத்தில் எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர். இருவரும் வீடு திரும்பிய பிறகும் தினமும் மாலையில் எனக்குப் போன் செய்வார். நான் ஓட்டும் விசைத்தறியின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரலைக் கேட்டுவிட்டால், அன்றைய பொழுதைக் குடிக்காமல் கடத்திவிடுவேன்.

ஒருநாள் போன் வரவில்லை. நான் அழைத்தும் அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலை என் ஊரான சூலூரில் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி வாசலில் நின்று, "மறுபடியும் ஆரம்பிச்சுப்போட்டாருங்க" என்றார். நான் படியேறுவதைப் பார்த்ததும் நண்பர் உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"உள்ள வராதீங்க. இந்த வாசம் உங்களுக்கு ஆகாதுங்க. ஊட்டுக்குப் போயிருங்க."

அந்த வாசம் அதற்குள் எனக்கு எட்டியிருந்தது. வாயில் எச்சில் ஊறியது. என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மனைவி கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டார். மத்தியானம் வரை அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் அழுவது மட்டும் கேட்டது. "திரும்பவும் மையத்துக்கே போலாமுங்க, நானும் கூட வாரேன்" என்றேன். கதவு திறக்கவே இல்லை; பஸ் ஏறித் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம், "இன்னைக்கு எனக்கும் குடிக்கோணும்போல இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.