யார் அடிக்கிறது?

கோலுக்கு இருபது எட்டுத் தள்ளிப் பந்தை வைத்துவிட்டு, “யார் அடிக்கிறது?” என்று கேட்டேன். பதினான்கு பிள்ளைகள் நின்றார்கள். ஒருத்தியும் அசையவில்லை. ஒருத்தி குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இன்னொருத்தி மைதானத்து ஓரத்தில் மேய்ந்த மான்களைத் துரத்தப் போய்விட்டாள். “நீ அடி”, “ஏலாது, நீ அடி” என்ற முணுமுணுப்பு மட்டும் கேட்டது. எனக்கு விசித்திரமாக இருந்தது. நோர்வேயில் நான் பழக்கும் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டால் பத்துக் கை உயரும். வாய்ப்புக் கிடைக்காதவளின் தாய் அன்றைக்கே எனக்கு மின்னஞ்சல் எழுதுவாள்.

அக்காவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை என்று மூன்று மாத லீவில் திருகோணமலைக்கு வந்திருந்தேன். பத்தொன்பது வயதில் அன்புவழிபுரத்தை விட்டுப் போகும்வரை நான் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. அந்த நாளில் எங்களுக்கு வலைப்பந்து, உதைபந்து பெடியளுக்கு. நோர்வேயில் மகளின் கழகத்தில் ஒருநாள் ஏதோ கேட்டார்கள். கேக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று நினைத்து ‘யா’ என்று தலையாட்டினேன். அடுத்த சனிக்கிழமை கேக்கோடு போன என் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். அப்படித்தான் பயிற்சியாளர் ஆனேன்.

திருகோணமலையில் பெண்பிள்ளைகளின் அணியைப் பார்ப்பவர் மேரி ரீச்சர்; நான் பயிற்சியாளர் என்று கேள்விப்பட்டு உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். அவர்தான் காரணத்தைச் சொன்னார். “போன வருசக் கடைசி மட்ச்சில ரிஸானா அடிச்ச பிறீ கிக் மதிலுக்கு மேலால போய் றோட்டில விழுந்தது. றோட்டில நிண்ட பெடியள் கை தட்டிச் சிரிச்சாங்கள். ரெண்டு கிழமை பிள்ளை பயிற்சிக்கே வரயில்ல. அதுக்குப் பிறகு பிறீ கிக் எண்டா ஒருத்தியும் பந்தைத் தொடமாட்டாள்.” ரிஸானா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருபவள். அணியிலேயே பலமான கால் அவளுடையது. இப்போது பின்வரிசையில், கோலுக்குக் கிட்ட ஒதுங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டுப் பந்தருகே நிறுத்தினேன். எத்தனை எட்டுப் பின்னுக்குப் போய் ஓடிவர வேண்டும் என்று காட்டுவதற்காக நானே பின்னோக்கி நடந்து எண்ணினேன். பழகிய வாய், நோர்வே மொழியில்தான் எண்ணியது. “ஏன்…” என்றேன். அந்த மொழியில் ஒன்று.

“பயம், மிஸ். திரும்பவும் சிரிப்பாங்க” என்றாள் ரிஸானா, மிக மெதுவாக.

நான் அதைக் கவனிக்காமல் அடுத்த எட்டு வைத்தேன். “தூ!”

அவள் முகம் சிவந்துவிட்டது. “பயமெண்டு சொன்னதுக்கு ஏன் மிஸ் துப்புறீங்க?”

அது இரண்டு என்று நான் விளங்கப்படுத்தி முடிக்க முன்பே மற்றப் பிள்ளைகள் புல்லில் விழுந்து சிரித்தார்கள். கடைசியில் ரிஸானாவும் சிரித்தாள். ஆனால் அவளுடைய பதில் எனக்குள் நின்றுவிட்டது. நான் கேட்காத கேள்விக்கு உண்மையான பதில் வந்திருந்தது. காலைத் திருத்தினால் போதும் என்று நினைத்திருந்தேனே!

அடுத்த பயிற்சியில் முதல் அடியை நானே அடித்தேன். வேண்டுமென்று செய்ததல்ல, நாற்பத்தாறு வயதுக் கால். பந்து மதிலைத் தாண்டி றோட்டுக்குப் போனது. பெடியள் சிரித்தார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் பந்தைக் கொண்டுவந்து, “அன்ரி, இந்த வயசில தேவையா?” என்று தந்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்கள்.

ரிஸானா கிட்ட வந்தாள். “மிஸ், உங்கட இடது கால் பந்துக்குப் பின்னால நிக்குது. பக்கத்தில வைங்க. உடம்பையும் பின்னுக்குச் சாய்க்காதீங்க. நீங்கதானே சொன்னீங்க?”

அவள் சொன்னபடியே அடித்தேன். கோலுக்குள் போகவில்லை, மதிலைத் தாண்டவுமில்லை. அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தோம். ஒவ்வொருத்தியும் பத்து அடி. வெளியே அடிப்பவளுக்கு, றோட்டில் நிற்பவர்கள் தொடங்க முன்பே நாங்கள் எல்லோரும் கை தட்டுவது. முதல் கிழமை முழுக்கக் கைதட்டல்தான். மேரி ரீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாலும், “இன்னும் ஒண்டு மிஸ்” என்று ரிஸானா நின்றாள்.

நான் திரும்புவதற்கு நான்கு நாட்கள் இருக்கும்போது மூதூர் அணியோடு மட்ச். ஒரு கோல் பின்னுக்கு நின்றோம். முடியப்போகும் நேரத்தில் பிறீ கிக் கிடைத்தது. பின்வரிசையிலிருந்து ரிஸானா நடந்து வந்தாள். “நான் அடிக்கிறன்.” பந்து, எதிரணி வரிசையாக நின்று கட்டிய சுவரில் ஒரு பிள்ளையின் வயிற்றில் பட்டுத் திரும்பியது. றோட்டில் யாரோ விசிலடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் கை தட்டினார்கள். மூதூர்ப் பிள்ளைகள் எங்களுக்கு விசரோ என்று பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் இன்னொன்று கிடைத்தது. இம்முறை மூன்று பேர் பந்தைப் பிடித்துக்கொண்டு “நான், நான்” என்று சண்டை. மேரி ரீச்சர் என் தோளை இறுகப் பிடித்தார். ரிஸானா விட்டுக்கொடுக்கவில்லை. பந்து சுவரின் ஓரத்தால் வளைந்து, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. வெற்றியில்லை. ஆனாலும் பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

போன சனிக்கிழமை இங்கே நோர்வேயில் எங்கள் கழகத்துக்கு மட்ச். தொடங்கச் சில நிமிடம் இருக்கையில் மேரி ரீச்சரின் வீடியோ அழைப்பு. “பாருங்கோ, எங்களுக்கு பிறீ கிக்!” மழையங்கி போட்ட என் பிள்ளைகள் போனைச் சுற்றிக் கூடினார்கள். “யாருடைய அணி?” என்று ஒருத்தி கேட்டாள். “என்னுடையது” என்றேன். “அப்ப நாங்கள்?” என்றாள் அவள், கோபமில்லாமல். பதில் சொல்ல முன்பே நடுவர் அழைத்தார், எல்லோரும் ஓடினார்கள். திரையில் ரிஸானா பந்தை வைத்துவிட்டுப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே என் பிள்ளைகள் நனைந்த புல்லில் வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். ஒரு கண் மழையில், ஒரு கண் உள்ளங்கை அளவு வெயிலில். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.