நான்காவது டப்பா

ஏட்டி மயிலு, நீ போனில் திறந்து தந்த பக்கத்தில்தான் எழுதுகிறேன். காய்ச்சலில் நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பாளையங்கோட்டையில் நீ ஆராய்ச்சி செய்த கல்லூரிக்குப் போன செவ்வாய்க்கிழமை போனேன். உன் சாமான்களை எடுக்க மட்டும் இல்லை.

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் மகள் முருங்கைப் பிசினைப் பக்குவம் மாற்றி, கண்ணுக்கே தெரியாத உருண்டைகளாக்கி, உள்ளே மருந்து வைப்பாள். வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்த்தான் அது மருந்தை விடுமாம். பிசின் எங்கள் வீட்டு மரத்தினுடையது. "வேற எதையும் கலந்துராதம்மா" என்பாள். நான்காவது தடவை மரம் கொஞ்சம்தான் கொடுத்தது. பிள்ளைக்கு அரை டப்பா கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. வேப்பம் பிசினைப் போட்டு நிறைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. மிச்ச வேலையை இப்போது அவள் தோழி கிரேஸ் செய்கிறாள். தெரியாமல் அந்த டப்பாவிலிருந்து எடுத்துச் செய்துவிட்டால் மகள் பட்ட பாடெல்லாம் வீண். போனில் சொல்ல வாய் வரவில்லை.

சங்கரன்கோவிலில் காலை 6.40 பஸ். திருநெல்வேலிக்கு 56 கிலோமீட்டர், அறுபது ரூபாய். மடியில் புதுப் பிசின் டப்பா.

"என்னத்த இப்பிடிப் பொத்திட்டு வாரீக, தங்கமா?" என்றார் கண்டக்டர்.

"பிசின் அண்ணாச்சி."

"சீட்டோட ஒட்டிக்கிட்டு எறங்காம போயிராதீக!"

எனக்கே சிரிப்பு வந்தது. 8.25க்கு இறங்கி, ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் கிரேஸ் அலமாரியைத் திறந்தாள். அம்மா 1, அம்மா 2, அம்மா 3 என்று உன் கையெழுத்து. நான்காவது பின்னால் இருந்தது, சிவப்பு டேப் சுற்றி.

"அதுல வேப்பம் பிசின் கலந்துட்டேன் தாயி" என்றேன்.

கிரேஸ் அந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். "அதான் ரெண்டு மாசம் உருண்டையே சரியா வரலியாம்மா! பொறவு மயிலு 'இதத் தொடாதட்டி'ன்னுட்டா. ஏன்னு கேட்டா சிரிக்கா. தூக்கிப் போட்டுருவமான்னேன். 'ஏ, எங்கம்மா குடுத்ததுட்டி'ன்னு வாங்கி வச்சிக்கிட்டா."

புதுப் பிசினை அவளிடம் கொடுத்தேன். பாதி டப்பாதான். உன் சாமான்களோடு பழையதையும் வாங்கிக்கொண்டு 3.10 பஸ்ஸில் திரும்பினேன்.

இப்படிப் பிள்ளைகளின் சாமான் எடுக்கப் போகிறவர்கள் ஆதார் நகல் கொண்டுபோங்கள், வாசலில் கேட்கிறார்கள். காலையில் வலது பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. பிசின் கொண்டுபோனால் கழுவாமல் கொண்டுபோங்கள். கொஞ்சம் இருந்தால் கொஞ்சமே கொடுங்கள்.

மயிலு, அந்த ரெண்டு மாதமும் தினம் போனில் பேசினோமே. தெரிந்துகொண்டேதான் "பிசின் நல்லா இருக்கும்மா" என்று சொன்னாயா?