எண்பத்தைந்து மில்லித் தகடு

கப்பல் கட்டும் தளத்தில் அவரை எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வயதில் துரு சுரண்டும் ஆளாகச் சேர்ந்தவர், ஐம்பத்திரண்டு வயதில் அங்கே மிகத் தடித்த தகட்டை ஒட்ட அனுமதி பெற்ற இரண்டே வெல்டர்களில் ஒருவராக இருந்தார். நடுவில் பதினேழு கப்பல்கள் போயின. வலது முட்டியின் குருத்தெலும்பும் போயிற்று. மாலைக்குள் முட்டி பந்துபோல் வீங்கும். மண்டியிட முடியாது. நின்றோ ஸ்டூலில் உட்கார்ந்தோ செய்கிற வேலை என்பதால் பிழைப்பு ஓடியது.

பதினெட்டாவது கப்பல் நானூறு மீட்டர் நீளம், அறுபத்தொரு மீட்டர் அகலம். இருபத்து நாலாயிரம் கண்டெய்னர்களை ஏற்றும். அத்தனையையும் மேலிருந்துதான் இறக்க வேண்டும் என்பதால் சரக்கறைகளெல்லாம் வாய் திறந்தே இருக்கும். மூடி கிழித்த அட்டைப்பெட்டி மாதிரி. அலை கப்பலின் வயிற்றைத் தூக்கும்போது முன்னும் பின்னும் தொங்கும். அப்போது இழுப்பு முழுவதையும் வாங்குவது மேல்விளிம்பு. அதனால் அந்த விளிம்புக்கு எண்பத்தைந்து மில்லிமீட்டர் தகடு. ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத் தடிமன்.

அவ்வளவு தடித்த இரும்பைக் குளிர்ந்தபடி ஒட்டக்கூடாது. கேஸ் டார்ச்சின் தீயால் முதலில் சூடேற்ற வேண்டும். சூடு போதுமா என்று பார்க்க ஒரு சாக்குக்கட்டி உண்டு. சரியான சூட்டில் தொட்டால் உருகும். அதைச் சூடேற்றுகிற பக்கத்திலேயே தொட்டுப் பார்த்துப் பயனில்லை. முன்பக்கம் கொதிக்கும்போது பின்பக்கம் சில்லென்று இருக்கும். சாரத்திலிருந்து இறங்கி, சுற்றி, மறுபடி ஏறிப் பின்பக்கத்தில் தொட வேண்டும். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம், இவருக்குப் பதினைந்து.

"என்ன ஆமையண்ணே, பின்னாடி போய் முட்டை போட்டுட்டு வர்றீங்களா?" என்று கீழேயிருந்து கத்துவார்கள்.

"ஆமாடா. பொரிஞ்சதும் உனக்கொண்ணு தரேன், வளத்துக்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை டார்ச் எரிந்துகொண்டிருக்கையில் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், பேச்சு இருக்கிறது, கையைத் தூக்க முடியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பங்குக்கு, இணைப்பின் அடியில் முதலில் போடும் அடிவரிகள் மூன்று மட்டுமே பாக்கி. மேலே நிரப்புவது இன்னொரு வெல்டரின் வேலை. முடித்துவிட்டே ஓடலாம் என்று நினைத்தார். முன்பக்கத்திலேயே சாக்குக்கட்டியால் தொட்டார். உருகியது. ஒட்டினார். ஓடினார்.

மனைவிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. அவ்வளவுதான்.

குளிர்ந்த இரும்பில் விழும் விரிசல் உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறக்கும். அதனால் இரண்டு நாள் பொறுத்தே சோதிக்க வேண்டும் என்பது விதி. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒலி அலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனை அது. ஆனால் பெரிய கிரேன் வியாழக்கிழமை மட்டுமே கிடைக்கும் என்று, புதன் மதியமே சோதித்துத் தேறியது என்று எழுதிவிட்டார்கள். வியாழன் பத்து மணிக்கு, அந்தத் தகடு சேர்ந்த தொள்ளாயிரம் டன் கப்பல் துண்டு கிரேனில் மேலே போகும். அதன்பின் பெயின்ட். அதன்பின் கடல்.

புதன் மாலை சோறு பிசைந்து மனைவிக்கு ஊட்டிக்கொண்டே, பின்பக்கம் போகாமல் ஒட்டியதைச் சொன்னார்.

"அதான் தேறிடுச்சில்ல?" என்றாள் அவள்.

"ஒரு நாள்ல பாத்தது கணக்கில்லை."

"விரிசல் இருந்தா?"

"என் சர்டிபிகேட் ரெண்டு வருஷத்துக்குப் போயிடும். அடித்தளத்துக்கு அனுப்புவாங்க."

அடித்தளம் என்பது கப்பலின் இரண்டு அடித்தரைகளுக்கு நடுவிலுள்ள இடம். நாலடிக்கு ஒரு குறுக்குச் சுவர், சுவருக்கு ஓர் ஓட்டை. ஒவ்வொன்றிலும் மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? ஒரு வாரம் தாங்குவீங்களா? பேசாம இருங்க. நீங்களா போய் வாயக் குடுக்காதீங்க."

"அந்தக் கப்பல்ல இருபது பேராவது ஏறிப் போவாங்க."

"இங்க ரெண்டு பேர் இருக்கோம்." அவள் தன் வாயைத் துடைத்துவிடச் சொன்னாள். துடைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழன் எட்டு மணிக்குப் போர்மேனிடம் போனார். போர்மேன் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேலை கற்றது இவருக்குப் பக்கத்தில் நின்றுதான்.

"தம்பி, அந்த அடிவரியை இன்னொரு தடவை பாக்கணும். நான் பின்பக்கம் போகல."

போர்மேன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு, நீங்களா?"

"நான்தான்."

"அண்ணே, கிரேன் நிக்குது. மேல என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போனீங்க, மறந்துட்டீங்க, அப்படித்தானே?"

அது தப்பிக்கப் போர்மேன் காட்டிய வழி. ஆமைக்குப் புரிந்தது. "போகல தம்பி," என்றார்.

பத்தரைக்கு மறுசோதனை. திரையில் ஒரு கோடு எழும்பியது. ஒரு சாண் நீளம், அடிவரியில், வெளியே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில். சோதனை செய்தவர் புதன்கிழமைத் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் முட்டை ஜோக் அடிக்கவில்லை. அந்த இடத்தைக் குடைந்தெடுத்து மறுபடி ஒட்ட மூன்று நாள் ஆயிற்று. இன்னொரு வெல்டர் ஒட்டினார். அவசரப்பட்டுத் தேறியது என்று எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் போயிற்று. ஆமைக்கு அடித்தளம்.

திங்கட்கிழமைக்குள் மனைவி ஒற்றைக் கையால் பழைய மெத்தையைக் கத்தரித்து இரண்டு முட்டிக்கும் திண்டு செய்து வைத்திருந்தாள். "இதுக்கு நன்றியெல்லாம் சொல்லாதீங்க. எனக்கு இன்னும் கோவம்தான்," என்றாள்.

முதல் நாள் ஒன்பது சுவர் நுழைந்தார். இரண்டாம் நாள் ஏழு. பிறகு அவருக்கென்று ஒரு முறை வந்தது: இடது முட்டியை முதலில் வைத்து, வலது காலை நீட்டியபடியே இழுத்துக்கொள்வது. மாலையில் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, முட்டிமேல் ஐஸ். ஒரு வாரம் தாங்க மாட்டார் என்றாள். எட்டு மாதம் ஆயிற்று.

அந்தக் கப்பல் தண்ணீரில் இறங்கிய நாளில் தளத்து ஆட்கள் எல்லாரும் கரையில் நின்று பார்த்தார்கள். ஆமை பார்க்கவில்லை. அடுத்த கப்பலின் அடித்தளத்தில், ஆறாவது சுவருக்கும் ஏழாவது சுவருக்கும் நடுவில் இருந்தார். கப்பல் சங்கு ஊதியது இரும்பு வழியாகக் கேட்டது என்று வீட்டில் சொன்னார்.

"முட்டி?" என்றாள் மனைவி.

"வீங்கியிருக்கு."

அவள் ஐஸ் எடுக்க எழுந்தாள்.