போனை எடுக்காத டிரம்மர்

காலை ஒன்பது மணிக்குக் காந்திபுரத்தில் சாக்ஸபோன் பெட்டியோடு திருப்பூர் பஸ் ஏறினேன். திருமுருகன்பூண்டிக்கு நாற்பது ரூபாய் டிக்கெட். சனிக்கிழமை கோவையில் எங்கள் ஜாஸ் கச்சேரி. டிரம்ஸ் வாசிக்க ஒத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணன் மும்பை ஓட்டல்களிலும் கப்பல்களிலும் முப்பது வருடம் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காதான் போனை எடுப்பார். அண்ணன் ஒத்துக்கொண்டதாகச் சொன்னதும் அக்காதான். "அவரு வெளிய போயிருக்காருங்க" என்பார். ஆள் குடிக்கிறாரோ, கை நடுங்குகிறதோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பத்தரைக்குப் பூண்டியில் இறங்கி, சிலைப் பட்டறைகளின் உளிச் சத்தத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்தேன். அவர் வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட். சுவரே அதிர்ந்தது.

அண்ணன் கை கொடுத்தார். பிடி உறுதியாக இருந்தது, வாடையும் இல்லை. அப்படியும் சந்தேகம் விடவில்லை. கப்பல் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

"மிசின் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க தம்பி," என்று அக்காவே பதிலையும் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படியே. புருஷனுக்கு வக்கீல் வேலை பார்க்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. மிசின்கள் நின்று தெருவே அமைதியானது. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸ் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "இந்த டிரம்ஸோட சிம்பல் தட்டுச் சத்தத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து காது போயிருச்சுங்க. சொன்னா வேண்டாம்னுருவீங்கன்னு மறைச்சனுங்க. நாலு வருசமா யாருமே கூப்புடலீங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதற்குள் அண்ணன் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டார்.

"சொல்லிட்டாளுங்களா?" என்றார். "என்ற எதுத்தாப்புல நின்னு ஊதுங்க கண்ணு."

ஊதினேன். மூச்சுக்கு ஏறும் என் தோளையும் தாளம் போடும் காலையும் பார்த்தே வாசித்தார். வேண்டுமென்றே வேகத்தை மாற்றினேன், விடாமல் கூடவே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பியபோது மட்டும் தவறினார். அப்போது அவர் முகத்தில் தெரிந்த பயம் என்னை என்னவோ செய்தது.

ஒரு மணிக்குத் திரும்பும் பஸ். எங்கள் ஊர் மேடைகளில் டிரம்ஸ் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான். அவினாசி வருவதற்குள் மேடை போடுகிறவருக்குப் போன் செய்து, டிரம்ஸை முன்னால், பக்கவாட்டில் என்னைப் பார்த்தபடி வைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, சனம் அவரப் பாக்கறதுக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "அவர் என்னைப் பார்க்கிறதுக்கு."