பதினொன்றாம் லயத்து அக்கா

சதவீதக் குறியைத் தட்டும்போதெல்லாம் அந்த அக்காவின் கட்டைவிரல்தான் ஞாபகம் வருகிறது.

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாம் லயத்தை மட்டும்தான் இடிக்க வேண்டும். யார் யாருக்குக் கடிதம் என்று தேடும் புரோகிராமை நான் எழுதினேன். ‘லயம் 1’க்குப் பின்னால் அந்தச் சதவீதக் குறியைப் போட்டேன். 1 என்று தொடங்குவதையெல்லாம் அது அள்ளிக்கொண்டு வந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் லயத்துக்கும் ‘வீட்டைக் காலி செய்’ என்று கடிதம் போய்விட்டது.

சாணி ஒட்டிய ரப்பர் பூட்ஸோடு அக்கா ஆபீசுக்கு வந்தார். பேசப் பேசக் கடிதத்திலிருந்த லய எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“சிஸ்டம் தப்புலா அக்கா, வெயிட் பண்ணுங்க,” என்றார் மேனேஜர். சனங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இவருக்கு சிஸ்டமாம்!

“அத எழுதுனது யாரு?” என்று கேட்டார் அக்கா.

நான் எழுந்து நின்றேன்.

“எங்கிட்ட நாலு மாடு இருக்கு தம்பி. சாயந்திரம் மேஞ்சிட்டு நேரா பதினொன்னாம் லயத்துக்குத்தான் வரும். ஒருநாள்கூட ஒன்னாம் லயத்துல போயி நின்னதில்லலா.”