பெயர் போடாத ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் யாரும் புறம் பேசுவதில்லை. ஜெபக் குறிப்புதான் கொடுப்பார்கள். இதை நான் கேலியாகச் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. இப்போது சொன்னால் சிரிப்பு வருவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பெண்கள் ஜெபக் கூட்டம். வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். யாருக்கு என்ன பாரமோ அதைத் துண்டுத் தாளில் எழுதி அதற்குள் போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் "ஒரு சகோதரி", "ஒரு குடும்பம்" என்றுதான் எழுதுவார்கள். "ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் இருக்கும் ஒரு சகோதரர், குடியிலிருந்து விடுதலை" என்று வாசித்ததும், கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேர் தேநீர் வேளையில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

அந்தத் துண்டுகளை எடுத்து வாசிப்பது என் அம்மா. பன்னிரண்டு வருடமாக அது அம்மாவின் பொறுப்பு. வாசிக்கிறவரே முதலில் சத்தமாக ஜெபிக்க வேண்டும், மற்றவர்கள் "ஆமென்" சொல்ல வேண்டும். அம்மா ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்தே ஓய்வு பெற்றவர். அங்கே அவரை யாரும் பேச விட்டதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நிற்பார். குரல் கணீரென்று இருக்கும். டாக்டர் மனைவியும் டீச்சரும் அந்தக் குரலுக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் புதுப் போதகர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பாட்டுப் பாடி, ஆராதனை முடிந்ததும் மீஹூன் சாப்பிட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் சீஷத்துவம் இல்லை என்று முதல் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். சபை முழுவதையும் இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் வழிகாட்டி, மற்றவர் சீஷர். ஆளுக்கொரு நீலப் புத்தகம், அதில் பன்னிரண்டு பாடம். வாரம் ஒருமுறை சந்திக்க வேண்டும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வழிகாட்டி "முடிந்தது" என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பன்னிரண்டும் முடித்தவர்களைச் சபைக்கு முன்னால் நிறுத்திக் கைவைத்து ஜெபிப்பார்கள். நாற்பத்து நான்கு வயதில் எனக்குப் பரீட்சையா என்று முகத்தைச் சுளித்தேன்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்த ஓர் அக்கா. தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கறாரான ஆள், ஆனால் சிரித்தால் கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சனிக்கிழமை காலையில் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு, கெலுகோரில் என் வேலையிடத்துக்குப் பக்கத்திலிருக்கும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். ஆளுக்கொரு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக். மேசைமேல் புத்தகம், மேசைக்கடியில் மீன் பை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்துப்போயின. அதுவரை எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் போதகர் சொன்னதைத் திரும்பச் சொல்வதுதான். அக்கா, "உனக்குக் கோவமா இருந்தா கோவம்னே சொல்லு. அவருக்குத் தெரியாததா?" என்றார். எனக்குக் கட்டி ஒன்றை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று நாள் விடுப்பெடுத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளாத எனக்கு, அம்மாவைத் தவிர இன்னொரு ஆளும் இருக்கிறார் என்று முதல் தடவையாகத் தோன்றியது. நான் அந்த அக்காவை நேசித்தேன். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

ஆறாம் பாடத்தின் தலைப்பு, "ஒளித்து வைத்த ஒன்று". சீஷர் தன் வாழ்க்கையில் யாருக்கும் சொல்லாத ஒன்றை வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். அது இருவரைத் தாண்டிப் போகக் கூடாது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது.

என்னிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. அப்பா சாகவில்லை.

எனக்குப் பதினான்கு வயதில், பாலத்துக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் நாங்கள் இருந்தபோது, லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு நாள் வீட்டுக்கு வரவில்லை. சிம்பாங் அம்பாட்டில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதும், அங்கே ஒரு பையன் நடக்கப் பழகிவிட்டான் என்பதும் பிறகு தெரிந்தது. அம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, இந்தத் தீவுக்கு வந்தார். இந்தச் சபையில் சேர்ந்தபோது பெயர், விலாசம் எல்லாம் நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார்கள். கணவர் என்ற இடத்தில் அம்மா "காலமானார்" என்று எழுதினார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இன்னையிலேருந்து உங்கப்பா இல்ல. யாரு கேட்டாலும் அதான். நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இது. சரியா?"

சரி என்றேன். புருஷன் விட்டுப்போனவள் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், உன்மேல் என்ன குற்றம் என்பதில் ஆரம்பிப்பார்கள். விதவை என்றால் கிறிஸ்துமஸுக்கு அரிசி மூட்டை வரும். அம்மா கணக்காகத்தான் எழுதினார். என் திடப்படுத்தல் ஆராதனையில் அப்போதைய போதகர் என் தலையில் கைவைத்து, தகப்பனில்லாத இந்தப் பிள்ளைக்கு நீரே தகப்பனாயிரும் என்று உருகி உருகி ஜெபித்தார். அந்த நேரத்தில் அப்பா அநேகமாகப் பாலத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இதை அக்காவிடம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மேசைக்கடியில் மீன் வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"முப்பது வருசமா எப்படிமா தூக்கிக்கிட்டு நடந்த? இது இந்த மேசையோட சரி. செத்தாலும் என் வாயிலேருந்து வராது."

அன்று காரில் தனியாகப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. என் பாரத்தை இறக்கிவைத்ததாகத்தான் நினைத்தேன். அதில் பாதிக்குமேல் அம்மாவுடையது என்று எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் பாடம் "ஒப்புரவு". சிம்பாங் அம்பாட்டுக்குப் போய் அப்பாவைப் பார்க்க வேண்டும், சபையிலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. என்னால் முடியாது என்றேன். அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னேன், அதற்கடுத்த சனிக்கிழமையும். மற்ற ஜோடிகள் பத்து, பதினொன்று என்று போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏழிலேயே நின்றோம். சபைக்கு முன்னால் நிறுத்தும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. "நீ வளரணும்லா, அதான் எனக்கு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அவசரத்தில் அவர் கண்ணுக்கு நானும் என் நீலப் புத்தகமும் மட்டும்தான் தெரிந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போக வேலையிலிருந்து நேராக வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எனக்கு முன்னால் இருந்தார். அம்மா டின்னில் கைவிட்டு நான்கைந்து துண்டுகளை வாசித்து ஜெபித்துவிட்டார். அடுத்ததைப் பிரித்தார்.

"கெலுகோரில் வேலை செய்யும் ஒரு சகோதரி."

எங்கள் சபையில் கெலுகோரில் வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர். மற்ற இருவரின் அப்பாக்களும் ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர்கள்.

"உயிரோடிருக்கும் தன் தகப்பனை, இறந்துவிட்டார் என்று சபையில் சொல்லி வருகிறார். அவருடைய மனந்திரும்புதலுக்காக. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும்..."

அங்கே அம்மா நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். நான் எழுந்து ஓடிப்போய் அந்தத் தாளைப் பிடுங்கியிருக்க வேண்டும். அக்காவின் பின்கழுத்து சிவந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விட்ட இடத்திலிருந்து, அதே கணீர்க் குரலில், கடைசி வார்த்தை வரை வாசித்தார்.

"சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் தகப்பனோடு ஒப்புரவாகும்படிக்கு."

வாசித்தவர்தான் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். யாரும் கண்ணை மூடவில்லை.

"ஆண்டவரே," என்றார் அம்மா. "அந்தப் பிள்ள பொய் சொல்லல. சொல்லச் சொன்னது நானு. அப்ப அவளுக்குப் பதினாலு வயசு. என்னையக் கேளும், அவளக் கேக்காதேயும்."

ஆமென் சொல்ல ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. அம்மா டின்னை மூடினார். இன்னும் வாசிக்காத துண்டுகள் அதற்குள் கிடந்தன. பையை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். சமிக்ஞை விளக்கில் நின்றபோது, "பச்ச போட்டுட்டான், போ" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மீன் வாங்காமல் மாமாக் கடைக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் பேரு போடலையே தங்கச்சி," என்றார் முதல் வார்த்தையாக.

"பேரு போடலையா? வீட்டு நம்பரு ஒண்ணுதான் போடல நீங்க! இந்த மேசையோட சரின்னு சொன்னது யாரு?"

"ஜெபத்துக்குதான்லா கொடுத்தேன். யார்கிட்டயும் வாயத் தொறந்து பேசல. சத்தியமா அம்மாவ நான் நெனக்கவே இல்ல. உனக்கு வழி தொறக்கணும்னு..."

"பன்னெண்டு வருசமா அவங்கதானே அங்க நின்னு வாசிக்கிறாங்க! உங்க கண்ணு எங்க போச்சு?"

அக்கா அழுதார். போன முறை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே, அதே அழுகைதான், அதில் பொய் இல்லை. அதுவே என் கோபத்தைக் கூட்டியது. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கைகழுவிவிடலாம். இவர் என்னை நேசித்துக்கொண்டே காட்டிக்கொடுத்தார். நான் எழுந்தபோது, தன்னிடமிருந்த என் நீலப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார் அக்கா. வீட்டில் திறந்து பார்த்தேன். ஏழாம் பாடத்தில் "முடிந்தது" என்ற கட்டத்தில் குறி இருந்தது, கீழே கையெழுத்தும் இருந்தது. உண்மை வெளியே வந்துவிட்டதாம், அதனால் முடிந்ததாம். புத்தகத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

போதகரும் அவர் மனைவியும் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். கர்த்தர் மன்னித்துவிட்டார், இது பெரிய சாட்சி என்றார்கள். கூட்டத்தில் வாசிப்பது பற்றி, "அம்மா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்றார் போதகரின் மனைவி, மிகவும் இனிமையாக. அம்மா தலையாட்டினார். இப்போது டீச்சர் வாசிக்கிறார். அம்மா கூட்டத்துக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார், கடைசி பெஞ்சில் உட்காருகிறார், கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே எழுந்து காருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. பழைய விதவைத் தோழிகள் மட்டும் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அக்காவைத் திட்டிக்கொண்டே திரிந்தேன். சோறு போடும்போது, துணி காயப்போடும்போது, அம்மா காதில் விழும்படித் திட்டினேன். அம்மாவும் சேர்ந்து திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தரை மணிக்கு, அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட புடவையைக் கட்டியிருந்தார். பழக்கதோஷம். நான் மறுபடியும் அக்காவைப் பற்றி ஆரம்பித்தேன். அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னப்ப அந்த அக்கா என்னா செஞ்சாங்க?"

"அழுதாங்க," என்றேன். "கையப் புடிச்சிக்கிட்டாங்க."

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"எனக்கு அப்படி யாரும் இல்லம்மா, அந்தப் பாரத்துல எழுதினப்ப," என்றார். "நீ ஒருத்திதான் இருந்த."

பிறகு மீதிக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.